பேச்சுரிமையும் சமத்துவமும் மோதும் இடம்: ஓர் அறிமுகம்

இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு முடிவதற்குள், 1951 ஜூன் மாதத்தில், அதற்கு முதல் திருத்தம் வந்துவிட்டது. அந்தத் திருத்தம் நிலச் சீர்திருத்தத்தையும் தொட்டது என்றாலும், நமக்கு இங்கே வேண்டியவை அதிலிருந்த வேறு இரண்டு மாற்றங்கள்தான். ஒன்று, பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளைச் சேர்த்தது. மற்றொன்று, பின்தங்கிய வகுப்பினருக்காகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்யும் அதிகாரத்தை அரசுக்கு வெளிப்படையாகக் கொடுத்தது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் காரணமான வழக்குகள் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவை. பேச்சுரிமைக்கும் சமத்துவத்துக்கும் இடையிலான உறவை முதன்முறையாகப் படிப்பவர்கள் இந்த இரு வழக்குகளிலிருந்து தொடங்குவது நல்லது; இன்றைய தொலைக்காட்சி விவாதங்களிலிருந்து தொடங்கினால் கூச்சல் மட்டுமே காதில் விழும்.

முதல் வழக்கு ரொமேஷ் தாப்பருடையது. பம்பாயிலிருந்து அவர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதை, 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி, மாநில அரசு 1950 மார்ச்சில் தடை செய்தது. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் வழங்குகிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு எந்தெந்தக் காரணங்களுக்காக அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடுகிறது. அன்றைய பட்டியலில் அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைப்பது போன்றவை இருந்தனவே தவிர, ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் இல்லை. ஊரில் அமைதி கெடலாம் என்பது வேறு, அரசே கவிழும் ஆபத்து என்பது வேறு, ஆகவே இந்தத் தடை செல்லாது என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி 1950 மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அதே நாளில், ஆர்.எஸ்.எஸ். சார்புடைய ‘ஆர்கனைசர்’ இதழுக்கு டெல்லியில் விதிக்கப்பட்டிருந்த முன்தணிக்கையையும் நீதிமன்றம் நீக்கியது. இடதுசாரி இதழும் வலதுசாரி இதழும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் காப்பாற்றப்பட்டன என்பதை, தம் கட்சிக்காரரின் பேச்சுரிமைக்கு மட்டும் குரல் கொடுப்பவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் தொடுத்த வழக்கு. சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணையின்படி பிரிக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு 14 இடங்களுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அன்று அரிசனர் என்று குறிக்கப்பட்ட பட்டியல் சாதியினருக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்பது அந்தக் கணக்கு. சாதியை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குடிமகனுக்குக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்ற 29ஆம் உறுப்புக்கு இது முரணானது என்று 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. இதற்கு முன்பே உயர் நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்திருந்தது. அதை எதிர்த்துப் பெரியார் தலைமையில் மாநிலமெங்கும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது.

இந்த வழக்கில் இரு தரப்பும் சமத்துவத்தின் பெயரால்தான் வாதிட்டன என்பதைத் தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு தரப்புக்குச் சமத்துவம் என்பது, அரசு எவருடைய சாதியையும் பார்க்காமல் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பது. மறு தரப்புக்கோ, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலுக்கே வர முடியாதிருந்தவரையும் தலைமுறை தலைமுறையாகப் படித்தவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் சமத்துவக் கேடு. முதலாவதை முறைசார் சமத்துவம் என்றும், இரண்டாவதை உள்ளீடான சமத்துவம் என்றும் சொல்கிறார்கள். முதல் திருத்தம் 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்ததன் மூலம் இரண்டாவது பொருளுக்கு இடம் தந்தது. அதே திருத்தம் 19ஆம் உறுப்பின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய மூன்றையும் நுழைத்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் சேர்ந்தது. நீதிமன்றங்கள் பின்னாளில் பேச்சுரிமையைக் காப்பாற்றிய இடங்களிலெல்லாம் இந்த ஒரு சொல்தான் கைகொடுத்தது. திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவர் நேரு. சட்ட அமைச்சராக அதை ஆதரித்து வாதிட்டவர் அம்பேத்கர். பேச்சுரிமையைக் குறுக்குவதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் சியாமா பிரசாத் முகர்ஜி. இன்றைய கட்சி வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய அணிகளை ஊகித்தால் தவறாகவே முடியும்.

இப்போது கருத்தளவில் முக்கியமான இடத்துக்கு வருவோம். 1963இல் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் சேர்க்கப்பட்ட பிறகு, பேச்சைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்கள் மொத்தம் எட்டு. அந்த எட்டில் சமத்துவம் இல்லை. மனிதரின் கண்ணியமும் இல்லை. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தப் பட்டியல் முழுமையானது என்றும், இதில் இல்லாத புதிய காரணத்தைக் கொண்டு பேச்சுரிமையை மட்டுப்படுத்த முடியாது என்றும் தெளிவாகவே சொன்னது. அப்படியானால் ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தும் பேச்சை எந்த வழியாகச் சட்டம் தடுக்கிறது? பெரும்பாலும் ‘பொது ஒழுங்கு’ என்ற வாசல் வழியாகத்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ என்ற எண்ணில் இருந்து, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவாக மாறியிருக்கும் விதி, மதம், இனம், பிறந்த இடம், மொழி, சாதி ஆகியவற்றின் பெயரால் பிரிவினரிடையே பகைமையை வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. மத நம்பிக்கையைத் திட்டமிட்டு அவமதிப்பதைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தின் 295ஏ பிரிவு (புதியதில் 299), 1927இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. அது செல்லுமா என்ற கேள்வி 1957இல் எழுந்தபோது, பொது ஒழுங்கின் பேரில்தான் உச்ச நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது.

இந்த ஏற்பாட்டில் உள்ள கோளாறை, என் பார்வையில், போதிய அளவு நாம் பேசுவதில்லை. ஒரு பேச்சால் அமைதி குலையுமா என்பதை அளவுகோலாக வைத்தால், அமைதியைக் குலைக்கும் வலிமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கே சட்டத்தின் பாதுகாப்பு எளிதில் கிடைக்கும். கூட்டம் திரட்டவும், கடைகளை அடைக்கவும், பேருந்துகளை நிறுத்தவும் முடிந்த ஒரு பிரிவு ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்று சொன்னால், அதைக் காவல்துறையும் வருவாய்த் துறையும் உடனே கேட்கின்றன. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் வசிப்பவர் நாள்தோறும் கேட்கும் வசவு, அவர் திருப்பி அடிக்க முடியாதவர் என்பதாலேயே, பொது ஒழுங்கைக் குலைப்பதில்லை. ஆக, எளியவருக்காகப் பேசுவதுபோல் தோன்றும் விதி, நடைமுறையில் வலியவரின் கையிலும் போய்ச் சேர்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் தொடங்கிய எதிர்ப்பு, கடையடைப்பாக வளர்ந்து, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளரே பின்வாங்கும்படி முடிந்தது. ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று அவர் அறிவித்ததும் அதையடுத்துத்தான். எதிர்த்தவர்கள் தங்கள் பெண்களின் கண்ணியம் இழிவுபடுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அதாவது, பேச்சை அடக்கக் கண்ணியம் என்ற சமத்துவ மொழியையே கையாண்டார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் எண்ணிக்கையிலும் நிலத்திலும் அரசியலிலும் யார் மேலோங்கி நிற்கிறார்கள் என்ற கேள்வியை அந்த மேசையில் எவரும் எழுப்பவில்லை. அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்தே எழுதியது.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு வழக்கு உண்டு, அது இன்னும் சிக்கலானது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்த் திரைப்படம், முற்பட்ட வகுப்பில் பிறந்த ஒரு பெண் பொய்யான சாதிச் சான்றிதழுடன் முன்னேறுவதைக் கதையாகக் கொண்டு, சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறை கூறியது. தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படத்தைத் திரையிட்டால் கலவரம் வெடிக்கும் என்று மாநில அரசு வாதிட்டது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் ஆகியவற்றுக்குப் பணிந்து கருத்துரிமையை முடக்குவது, சட்டத்தின் ஆட்சியையே விட்டுக்கொடுப்பதாகும் என்றும், ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமானால் அதற்கும் விளையக்கூடிய ஆபத்துக்கும் இடையே வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறியைப் போன்ற நெருக்கம் இருக்க வேண்டும் என்றும் ரங்கராஜன் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களுக்கு அந்தப் படத்தின் வாதம் எரிச்சலூட்டலாம். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஓர் அரசுக் கொள்கையைத் தவறு என்று சொல்வதும், அந்தக் கொள்கையால் பயன்பெறும் மக்களை மனிதர்களாகவே மதிக்கத் தகாதவர்கள் என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதற்கு மறுவாதம்தான் பதில். செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பையே தவறு என்று தெருவில் இறங்கிப் பேச முடிந்ததால்தான் முதல் திருத்தம் வந்தது என்பதை மறந்துவிட்டால், சமத்துவ இயக்கங்கள் தங்கள் ஏணியைத் தாங்களே உதைத்துத் தள்ளியதாகும். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பு, தன் மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அம்பேத்கரை அழைத்து, உரையின் வரைவைப் படித்தபின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை, உரையை அவரே தம் செலவில் நூலாக அச்சிட்டார். சாதி ஒழிப்பைப் பற்றி இந்தியா படித்த மிகக் கூர்மையான எழுத்து, பேச அனுமதி மறுக்கப்பட்ட ஓர் உரை. பேச்சுரிமை சமத்துவத்தின் பகை என்று எண்ணுபவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் இழிவுபடுத்தும் பேச்சை அப்படியே விட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு உலகில் ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு வளாகத்துக்குள் இரவில் சிலுவையை எரித்த இளைஞர்கள்மீது நகராட்சியின் வெறுப்புக் குற்ற விதிப்படி வழக்குத் தொடரப்பட்டது. சில வகை வெறுப்பை மட்டும் தேர்ந்து தண்டிப்பதன் மூலம் அரசு கருத்துகளுக்கிடையே பக்கம் சாய்கிறது என்று 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அத்துமீறி நுழைந்ததற்கும் தீ வைத்ததற்கும் தண்டிக்கத் தடையில்லை, வெறுப்புக்காக மட்டும் தண்டிக்க முடியாது என்பது அதன் நிலை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வகுப்பறையில் யூத வெறுப்பைப் போதித்த ஜேம்ஸ் கீக்ஸ்ட்ரா என்ற ஆசிரியரின் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் நேரெதிராக முடிவெடுத்தது. வெறுப்புப் பிரச்சாரத்தைத் தண்டிக்கும் விதி பேச்சுரிமையைக் குறுக்குகிறது என்பதை ஒப்புக்கொண்டே, கனடிய உரிமைச் சாசனம் சமத்துவத்துக்கும் பல்பண்பாட்டுக்கும் இடம் தந்திருப்பதால் அந்தக் குறுக்கல் நியாயமானது என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. அங்கே சமத்துவம் தன் சொந்தப் பெயரிலேயே நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. ‘பொது ஒழுங்கு’ என்ற வேடம் அதற்குத் தேவைப்படவில்லை.

இந்தியாவிலும் அப்படி நேராக நுழையும் ஒரு சட்டம் இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு, அரசை மட்டுமின்றித் தனிமனிதர்களையும் கட்டுப்படுத்துகிறது. அந்த உறுப்பின் உணர்விலிருந்து வந்த 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அவர்களைச் சாராத ஒருவர், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதிப்பதையும் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதையும் குற்றமாக்குகிறது. ஊரில் கலவரம் வருமா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. ஒரு மனிதர் சமமான குடிமகனாகத் தலைநிமிர்ந்து நிற்பதைப் பறிக்கும் நோக்கம் இருந்ததா என்றுதான் கேட்கிறது. அதற்கும் எல்லை உண்டு. நான்கு சுவருக்குள், சாட்சி எவரும் இல்லாத இடத்தில் நடந்ததைப் ‘பொதுப் பார்வை’ என்று கொள்ள முடியாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டுக்குள் வேலை செய்யும் பணிப்பெண் கேட்கும் வசவு இந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுவது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

எல்லாப் பேச்சையும் இந்தக் கடைசி வகைக்குள் தள்ளிவிடவும் கூடாது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் பிறருக்கு மனவருத்தம் தரும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய தீர்ப்பு மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது: ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதிடுவது, ஒன்றைச் செய்யும்படி தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு பேருக்குப் பிடிக்காமல் போனாலும் உரிமையின் மையத்தில் இருக்கின்றன. மூன்றாவது படியில்தான் கட்டுப்பாடு தொடங்க முடியும். 2020இல் அமிஷ் தேவ்கன் வழக்கின் தீர்ப்பு இதனுடன் இன்னொன்றைச் சேர்த்தது: பேசுபவர் யார், அவருக்கு எவ்வளவு செல்வாக்கு, எங்கே, யாரை நோக்கிப் பேசினார் என்பவற்றையும் எடைபோட வேண்டும். ஒரே வாக்கியத்தைத் தெருமுனையில் நின்று ஒருவர் சொல்வதற்கும், காவல்துறை தம் கட்டுப்பாட்டில் இருக்கும் அமைச்சர் சொல்வதற்கும் விளைவு வேறு.

இந்த அளவுகோல்களைப் பயன்படுத்திப் பார்க்க அண்மைக்கால உதாரணம் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் சென்னையில் நடந்த சனாதன ஒழிப்பு மாநாட்டில், அப்போது அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், டெங்கு, மலேரியா போன்றவற்றை எதிர்ப்பதோடு நிற்க முடியாது, ஒழிக்க வேண்டும், சனாதனமும் அப்படித்தான் என்று பேசினார். ஆதரித்தவர்கள் அதைப் பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கோட்பாட்டின் மீதான தாக்குதலாகவும், நூறாண்டுச் சமத்துவ மரபின் தொடர்ச்சியாகவும் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் அதைத் தங்கள் சமயத்தின் மீதும், அதைப் பின்பற்றும் கோடிக்கணக்கான மக்களின் மீதுமான தாக்குதலாகக் கேட்டார்கள். பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அமைச்சராக இருப்பவர் தம் பேச்சின் விளைவை அறிந்திருக்க வேண்டாமா என்று கேட்டது. இங்கே பிடிக்க வேண்டிய நூல், தாக்கப்பட்டது கருத்தா, மக்களா என்பது. கோட்பாட்டை ஒழிக்கச் சொல்வது மிகக் கடுமையாக இருந்தாலும் விவாதம். நோயோடு ஒப்பிடும் உருவகம் மனிதர்களின் மீது படியும் வாய்ப்பு உண்டு என்பதும், பேசியவர் ஆட்சியில் இருப்பவர் என்பதும் எதிர்ப்பக்கத் தட்டில் ஏறும் எடைகள். நான் முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஒரு சிறுபான்மைச் சமயத்தைப் பற்றி இன்னொரு மாநில அமைச்சர் இதே உருவகத்தைப் பயன்படுத்தினாலும் இதே கேள்விகளை, இதே வரிசையில் கேட்க வேண்டியிருக்கும்.

அந்தக் கேள்விகளை யார் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய 153ஏ, 295ஏ பிரிவுகளின் (இன்றைய 196, 299) கீழ் வரும் குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அற்ப வழக்குகளைத் தடுப்பதற்கான வடிகட்டி என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. ஆட்சியிலிருக்கும் கட்சிக்காரரின் பேச்சு அந்த வடிகட்டியைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பதை ஊகிப்பது கடினமல்ல. வெறுப்புப் பேச்சின் மீது புகாருக்குக் காத்திராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் மூன்று மாநிலக் காவல்துறைகளுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் வழக்குப் பதிந்தபின் வரும் அனுமதி என்ற படி அப்படியே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குக்கு இந்த அனுமதி தேவையில்லை.

சட்ட ஆணையம் 2017 மார்ச்சில் வெளியிட்ட 267ஆம் அறிக்கை, வெறுப்புப் பேச்சைச் சமத்துவக் கேடாகவும் கருதிப் பார்த்து, இரண்டு புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 153ஏ பிரிவில் இல்லாத பாலினம், பாலின அடையாளம், மாற்றுத்திறன் போன்ற காரணங்களும் அந்த வரைவில் இருந்தன. பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு இன்றைய பகைமைச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை என்பதை அந்த வரைவு ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம். 2023இல் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டங்களை முழுவதுமாகத் திருப்பி எழுதியபோது இந்தப் பரிந்துரைகளை எடுத்துக்கொள்ளவில்லை. 153ஏ புதிய சட்டத்தில் 196 என்ற எண்ணுடன், அரசின் முன் அனுமதி என்ற பழைய நிபந்தனையுடன் தொடர்கிறது.